தொடக்கூடாத கல்லில் ஒரு சத்தியம்

என் உத்தியோகம் முழுவதையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: "தொடாதீங்க."

காலையில் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிற வரைக்கும் அதைத்தான் சொன்னேன். தூக்கத்திலும் சொல்வேனாம். நான் வேலையில் சேர்ந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. புதுப்பெண்ணாக வந்த லூர்து மேரி ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அண்ணனை மியூசியத்துக்கே கூட்டிப்போய், என் உத்தியோகம் இன்னதென்று காட்டித்தான் திரும்ப அழைத்துவந்தேன்.

போன மாதம் மியூசியத்தில் புதிதாக வேலைக்கு வந்த தம்பிகள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். சத்தியக்கல்லைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி போடப்போகிறார்களாம். "வர்றவங்க எல்லாம் எதுக்குங்க அந்தக் கல்ல மட்டும் தொட்டே ஆகணும்னு அடம் பிடிக்கிறாங்க? நீங்கதான் அதுகூட ரொம்ப நாள் இருந்தீங்க. எழுதிக் குடுங்க, மியூசியம் ஆண்டு மலர்ல போடறோம்" என்றார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள். ஆண்டவர் துணை என்று ஆரம்பிக்கிறேன்.

மாரண்டஹள்ளிச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் மடம். அந்தக் காலத்தில் யாரோ ஒரு ராஜா சிவனடியார்கள் தங்குவதற்குக் கட்டிக்கொடுத்தது. முழுக்கக் கல். வாசலில் குனிந்துதான் உள்ளே போக முடியும். எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் எங்கள் வாசல் ஒரு கும்பிடு வாங்காமல் விட்டதில்லை. உள்ளே நடுவில் முற்றம், சுற்றிலும் சாமியார்கள் இருந்த சின்னச் சின்ன அறைகள், பின்பக்கம் சமையல்கட்டு. கடைசிச் சாமியார் சீடர் யாரையும் வைக்காமல் கண்ணை மூடிவிட்டார். அதற்கப்புறம் வௌவால்தான் மடாதிபதி. எண்பதுகளின் ஆரம்பத்தில் அரசாங்கம் அதை எடுத்து, ஓட்டை உடைசலை அடைத்து, சுத்துப்பட்டு ஊர்களில் கேட்பாரற்றுக் கிடந்த நடுகல், முதுமக்கள் தாழி, துருப்பிடித்த வாள், தானியம் அளக்கிற வள்ளம், படி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து மியூசியம் ஆக்கியது.

ஓட்டையை அடைத்த கொத்தனாருக்குச் சாந்து கலக்கிக் கொடுத்தவன் நான். வேலை முடிந்து எல்லாரும் போனார்கள், நான் மட்டும் போகவில்லை. உள்ளே பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், இருந்துவிட்டேன். பட்டணத்துக்கு அனுப்பிக் கல் கழுவப் பயிற்சி கொடுத்தார்கள். "கல்லு கழுவ ஒரு படிப்பா?" என்று எங்கள் ஊரில் சிரித்தார்கள். படிப்புதான். முதலில் உலர்ந்த தூரிகையால் தூசு தட்டவேண்டும். அப்புறம் துணியில் வடிகட்டின தண்ணீர். சோப்பு, சீயக்காய், புளி, சாம்பல் ஒன்றும் ஆகாது. மேலிருந்து கீழேதான் கழுவிக்கொண்டு வரவேண்டும். பழைய வேட்டித் துணியால் ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. எல்லாம் ஆன பிறகு வெறுங்கையை, உள்ளங்கை முழுக்கப் படுகிற மாதிரி, கல்மேல் பரப்பி வைத்துப் பார்க்கவேண்டும். கல் பொரிந்து உதிர ஆரம்பித்தால் அது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். உறை மாட்டின கைக்கும் தெரியாது. இந்தக் கடைசிச் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அதனால் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு உறுத்தல். பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டேன்: "சாமி, தெனமும் சிவன், அம்மன் எல்லாம் தொடைக்கிறேன். பாவமுங்களா?"

"தொடைக்கிறது பாவம் இல்லப்பா. வூட்டுலயும் கொஞ்சம் தொடைச்சின்னா லூர்து மேரி சந்தோசப்படுவா" என்றார்.

அன்றிலிருந்து ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன். அந்த அறைகளில் எத்தனையோ பேர் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து கடவுளை நினைத்திருக்கிறார்கள். எந்தப் பேர் சொல்லி நினைத்தால் என்ன? அந்தக் குளிர்ச்சி கல்லில் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

மடம் மியூசியம் ஆகிவிட்டது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். நடுகல் வீரன் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள், மறுநாள் காலையில் நான் துடைப்பேன், மறுபடி வைப்பார்கள். தாழிக்குள் காசு போடுவார்கள். "அது செத்தவங்களப் பொதைக்கிற பானைங்கம்மா" என்று ஒரு அம்மாளிடம் சொன்னேன். "இருக்கட்டும் சாமி, அவங்களுக்கும் செலவு இருக்குமில்ல?" என்றாள். என்னிடமே திருநீறு கேட்பார்கள். "நான் கிறிஸ்தவங்க" என்பேன். "அதனால என்னங்க, எடுத்துக் குடுக்கற கை சுத்தமா இருந்தாச் சரி" என்பார்கள். இப்படி ஒரு ஜனத்திடம் "தொடாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்கினேன்.

எங்கள் காப்பாட்சியர் நீலகண்டன் ஐயா கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர். எப்போதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார். மற்றவர்களைத் தொடாதே என்று சொல்கிறவர் தானும் தொடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். சந்தைக்குப் போனாலும் அப்படித்தான். கத்தரிக்காயைக் கண்ணாலேயே அழுத்திப் பார்த்து வாங்குவார். அதனால் வீட்டில் சம்சாரத்திடம் பேச்சு வாங்குவார்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரணமாக என்னை "யோவ் ஆரோக்கியம்" என்பார். கொஞ்சம் முகம் சுண்டினால் "ஆரோக்கியசாமி". இன்னும் போனால் "ஆரோக்கியசாமி அவர்களே". ஒருநாள் தாழி ஒன்றை வெயிலில் வைத்துவிட்டேன். "மாண்புமிகு ஆரோக்கியசாமி அவர்கள் இப்பக்கம் வர இயலுமா?" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இனி சத்தியக்கல்.

முற்றத்தில், தரையிலேயே வேர்விட்ட மாதிரி, முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கல். மேல்பக்கம் மட்டும் எண்ணெய் தடவின தலை மாதிரி வழுவழுப்பு. எண்ணெய் இல்லை, கை. மடம் நடந்த காலத்தில் ஊருக்குள் தீராத வழக்கு இருந்தால் இங்கே வருவார்களாம். இரண்டு தரப்பும் காலையில் குளித்து, பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வந்து, ஆளுக்கு ஒரு முறை வலது கையை அந்தக் கல்மேல் வைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். ஒருத்தர் மட்டும் பண்ணினால் செல்லாது. பண்ணி முடித்ததும் இரண்டு தரப்பையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து மடத்தில் சாப்பாடு போடுவார்கள். சாப்பாட்டோடு வழக்கு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

ஐயா வந்தவுடன் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டினார். "மனிதன் கையில் உப்பு இருக்கிறது, பிசுக்கு இருக்கிறது. இத்தனை காலம் இந்தக் கல் பிழைத்ததே ஆச்சரியம்" என்று சொல்லித் "தொடாதீர்கள்" பலகையும் வைத்தார்.

ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சத்தியம் பண்ணிப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "தூரத்துல நின்னு பண்ணா அது தூரத்துலயே நின்னுடும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் தோளில் இருந்த துண்டை வீசி, அதன் நுனி கல்லில் பட, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினார். மறுநாள் "துண்டாலும் தொடாதீர்கள்" என்று ஐயா இன்னொரு பலகை வைத்தார். அடுத்த வாரம் ஒருத்தர் குடையை நீட்டினார். "குடையாலும் தொடாதீர்கள்." அதற்கடுத்து மாடு ஓட்டுகிற தடி. கல்லைவிடப் பலகை அதிகமாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் கல்லைப் பார்க்காமல் பலகைகளைப் படித்துச் சிரித்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் காவேரியின் வழக்கு வந்தது.

ஊர் பெயர் வேண்டாம், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் பக்கம் வந்துபோகிறார்கள். ஒரு புதன்கிழமை காலையில் டிராக்டர் டிரெய்லர் நிறைய ஆள் வந்து இறங்கியது. முன்னால் ஈரப்புடவையோடு ஒரு பொம்பளை. அவள்தான் காவேரி. புருஷன் இல்லை. கொஞ்சம் தக்காளிக் காடும் கல்யாண வயசில் ஒரு மகளும்தான் அவளுக்கு. எதிர்த்தரப்பு மாதப்பன். அந்த ஊர் மாரியம்மன் திருவிழாவை எடுத்து நடத்துகிற பெரியதனக்காரர். மீசை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் பை. இரண்டு பேருக்கும் நடுவில் ஊர்ப் பெரியவர் சென்னப்பா. வீட்டில் கன்னடம் பேசுகிறவர். வழக்கு என்று வந்தால் வாயில் முதலில் கன்னடம்தான் வரும்.

விஷயம் இது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கெடா ஒன்று, கழுத்தில் மஞ்சள் துணியோடு ஊருக்குள் திரிந்துகொண்டிருந்தது. சாமி கெடா என்பதால் யாரும் அடிக்க மாட்டார்கள். கெடாவுக்கும் அது தெரியும். யார் காட்டில் பச்சை இருந்தாலும் உரிமையோடு போய் மேயும். காவேரியின் தக்காளி நாற்றை ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டது. அவள் குழாயடியில் நின்று ஊரே கேட்கிற மாதிரி, "இரு, ஒருநாளைக்கு உன்னக் கொழம்பு வெச்சு ஊத்தறேன்" என்று கத்திவிட்டாள். கொஞ்ச நாளில் கெடாவைக் காணோம்.

திருவிழா நெருங்குகிறது, கெடா இல்லை. காவேரிதான் அடித்துத் தின்றுவிட்டாள் என்று மாதப்பன் சொன்னார். சாட்சி? அவர் சம்சாரம். கெடா காணாமல் போன அன்றைக்குக் காவேரி வீட்டில் மசாலா அரைக்கிற சத்தம் கேட்டதாம்.

"கருவாட்டுக் கொழம்புக்கு அரைச்சேன் சாமி. மசாலா அரைச்சா கெடா அறுத்தேன்னு அர்த்தமா?" என்று காவேரி எங்கள் ஐயாவைப் பார்த்துக் கேட்டாள்.

ஐயா என்ன சொல்வார், பாவம். வாழ்க்கையில் மசாலா அரைத்ததற்காக யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு வேடிக்கை இல்லை. சாமி கெடாவைத் தின்றவள் என்று திருவிழாவுக்கு அவள் பங்குப் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். பங்கு வாங்கவில்லை என்றால் அவள் அந்த ஊர்க்காரி இல்லை என்று அர்த்தம். பாலக்கோட்டுப் பக்கத்தில் மகளுக்கு ஒரு நல்ல இடம் பேசி வைத்திருந்தாள். அவர்கள், "மொதல்ல இதத் தீத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சத்தியக்கல்லில் கை வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறோம் என்று ஊரும் சொன்னது, மாப்பிள்ளை வீடும் சொன்னது. டிரெய்லரில் பின்னாலேயே அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். இறங்கவே இல்லை.

"அம்மா, தாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்றே சொல்லலாம். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்" என்றார் ஐயா.

"ஆகல்ல, ஆகல்ல" என்றார் சென்னப்பா. முடியாது என்று தலையையும் ஆட்டினார்.

"பெரியவர் அவர்களே, இது அரசாங்கத்தின் சொத்து. கையில் உப்பு இருக்கிறது. உப்பு கல்லைத் தின்றுவிடும்."

காவேரி இரண்டடி முன்னால் வந்தாள். "உப்புப் போட்டுத் திங்கறவதான் சாமி சத்தியம் பண்ண வந்திருக்கேன். உங்க கல்லு என் ஒரு கையிலயா தேஞ்சு போயிரும்? அங்க பாருங்க, எம்மவ உக்காந்திருக்கா. அவ தேஞ்சு போறாளே, அதுக்கு ஒரு பலகை வைக்க மாட்டீங்களா?"

ஐயா அவளைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார். "திருவாளர் ஆரோக்கியசாமி அவர்கள் என்னுடன் அறைக்கு வரவும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் கைகட்டி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அறைக்குள் போய் விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்தேன், ஆறிப்போனது. வேறொரு டீ கொண்டுவந்தேன், அதுவும் ஆறிப்போனது. எனக்கோ மனசுக்குள் வேறு போராட்டம். ஆணையிட்டுச் சத்தியம் பண்ணவே கூடாது என்பார் எங்கள் பங்குச்சாமியார். ஆனால் அந்தப் பெண் டிரெய்லரில் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாதாவே, எப்படியாவது இதைத் தீர்த்துவிடு என்று சட்டைப்பைக்குள்ளேயே மணியை உருட்டினேன்.

ஐயா திடீரென்று தலையைத் தூக்கினார். "இந்த மாசத்துக்கு அந்தக் கல்லைக் கழுவியாச்சா?"

"இல்லீங்க ஐயா. அடுத்த வாரம்தான் மொறை."

"கழுவும்போது கையுறை போடலாமா?"

"போடக் கூடாதுங்க. உள்ளங்கை வெச்சுப் பாக்கணுமே."

"கழுவுகிற ஆள் யாராக இருக்கலாம்?"

"நான்... இல்லாட்டி அன்னன்னைக்கு வேலைக்கு வெச்சுக்கற ஆளுங்க."

"ம். உமக்கு இடுப்பு வலின்னு போன வாரம் சொன்னீரே, இப்ப எப்படி?"

எனக்கு இடுப்பு வலி போன வாரமே சரியாகியிருந்தது. ஐயா முகத்தைப் பார்த்தேன். "கொஞ்சம் இருக்குதுங்க" என்றேன். அந்த நிமிஷத்தில் லேசாக வலிக்கவும் செய்தது, பொய் இல்லை.

ஐயா எழுந்து முற்றத்துக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசாங்க அறிவிப்பு படிக்கிற குரலில் சொன்னார்: "இன்று சத்தியக்கல் கழுவப்படும். எங்கள் ஊழியருக்கு உடல்நலமில்லை. ஆகவே கல் கழுவ இன்று ஒரு நாளைக்கு இரண்டு தற்காலிகப் பணியாளர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்."

ஒருத்தருக்கும் புரியவில்லை. சென்னப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. பொக்கை வாய் மெதுவாக விரிந்தது. "காவேரி, போம்மா. வேலைக்குக் கூப்புடறாங்க" என்றார்.

கயிற்றை நானே அவிழ்த்தேன். தூரிகை கொடுத்தேன். அவள் தூசு தட்டினாள். வடிகட்டின தண்ணீரை ஊற்றி மேலிருந்து கீழே கழுவினாள். ஐயா பக்கத்தில் நின்று, "தேய்க்கக் கூடாதும்மா, ஒற்றணும்... ஆங், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளையாட்டுக்குச் செய்தார் என்று யாரும் நினைக்கக் கூடாது. அன்றைக்கு அந்தக் கல் முறைப்படிதான் கழுவப்பட்டது, ஒரு படி விடாமல்.

"இப்போது உள்ளங்கையை வைத்து, கல் உதிர்கிறதா என்று பார்க்கணும்" என்றார் ஐயா. அப்புறம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கழுவும்போது பேசக் கூடாதென்று விதி எதுவும் இல்லை" என்றார்.

காவேரி வலது கையைப் பரப்பி வைத்தாள். அவள் கை அந்த வழுவழுப்பில் அச்சுப் போட்ட மாதிரி உட்கார்ந்தது.

"அம்மனுக்கு விட்ட கெடாவ நான் தொடல. அறுக்கல. அது கறி ஒரு துண்டு என் வாயில படல. வாயில பேசனது நெசம், செஞ்சது இல்ல. நான் பொய் சொன்னா என் கை இந்தக் கல்லோடயே ஒட்டிக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். எல்லாரும் கை ஒட்டுகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். ஐயா மட்டும், அரசாங்கச் சொத்தோடு ஒரு பொம்பளை ஒட்டிக்கொண்டால் மேலிடத்துக்கு எப்படி எழுதுவது என்ற கவலையோடு குனிந்து பார்த்தார். காவேரி கையை எடுத்தாள். சுலபமாக வந்தது. "உதிரலீங்க. கல்லு நல்லாயிருக்குது" என்றாள்.

டிரெய்லரிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்து, உள்ளே வாசலோரமாக நின்றது.

"ம், மாதப்பா" என்றார் சென்னப்பா.

"நான் எதுக்குங்க? குத்தம் சாட்டப்பட்டவ அவதான?"

"ரெண்டு தரப்பும் பண்ணாத்தான் செல்லும். கெடா எங்க போச்சுன்னு ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு, முடிஞ்சுது."

மாதப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நான் கூலி வேலைக்குப் போறவன் இல்லீங்க. பெரியதனக்காரன்."

ஐயா கைகூப்பினார். "பெரியதனக்காரர் அவர்களே, தாங்கள் கூலி பெற வேண்டியதில்லை. கௌரவப் பணியாக ஏற்றுக்கொள்ளலாம்."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். மாதப்பன் கையைப் பார்த்தார். "கையில சின்னதா காயம்..."

"இன்னொரு கை இருக்குதில்ல மாமா?" என்றது ஒரு குரல்.

"அது எடது கை. சாமி காரியத்துக்கு ஆகாது."

"அப்ப காயத்தக் காட்டுங்க மாமா, பாப்போம். கெடா முட்டுன காயமா?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். மாதப்பன் விறைத்துக்கொண்டு கல்லருகே வந்தார். வாளியில் கை கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். அந்த மடத்தில் அவ்வளவு சுத்தமாகக் கை கழுவின மனிதரை நான் பார்த்ததில்லை. கையைக் கல்லுக்கு மேலே கொண்டுபோனார். இறங்கவில்லை. மீசை நுனியில் வேர்வை சொட்டியது. ஐயா பதறிப்போய், "வேர்வை கல்லில் படக் கூடாது" என்றார்.

அந்த வார்த்தையிலா, வேறெதிலா தெரியாது, மாதப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கறி நான் திங்கல! கொழம்பு மட்டுந்தான் ஊத்திக்கிட்டேன்!"

கூட்டத்தில் பின்னால் நின்ற அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டது.

அப்புறம் மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. பொம்மிடியிலிருந்து அவர் மச்சான் விருந்துக்கு வந்திருக்கிறான். காட்டில் மேய்ந்துகொண்டிருந்த கெடாவை மாமன் வீட்டு ஆடு என்று நினைத்து அறுத்துவிட்டான். மஞ்சள் துணியை முள்ளில் எங்கேயோ கிழித்துத் தொலைத்திருந்தது அந்தக் கெடா. மாதப்பன் வீட்டுக்கு வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அறுத்துவைத்த கெடாவின் தலையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "அம்மன் கெடாவக் கொட்டறதும் பாவம், திங்கறதும் பாவம். நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க? அதான் கறிய ஒதுக்கிட்டு..." பழியை எங்கே போடுவது என்று யோசித்தபோது, குழாயடியில் காவேரி தானாகவே அறிவித்து வைத்திருந்தது ஞாபகம் வந்திருக்கிறது.

காவேரி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "ஏனுங்க மாமா, அன்னைக்கு மசாலா யாரு அரைச்சது? சத்தம் எங்க வூட்டு வரைக்கும் கேக்கலியே?"

மாதப்பன் சம்சாரம் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது.

சென்னப்பா அங்கேயே தீர்த்து வைத்தார். மாதப்பன் தன் பட்டியிலிருந்து நல்ல கெடாவாக அம்மனுக்கு விடவேண்டும். திருவிழா வரைக்கும் அது மாதப்பன் காட்டிலேயே மேயவேண்டும், யாரும் விரட்டக் கூடாது. காவேரி பங்கை மாதப்பன் அவள் வீட்டுக்குப் போய்க் கையால் வாங்கிக்கொள்ளவேண்டும். அம்மனுக்கு முதல் பொங்கல் பானை அவளுடையது. மகள் கல்யாணம் அந்த வருஷமே நடந்தது. எனக்கும் ஐயாவுக்கும் பத்திரிகை வைத்தார்கள்.

ஆனால் அன்றைக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சத்தியம் முடிந்தால் இரண்டு தரப்பும் ஒன்றாகச் சாப்பிடவேண்டும். மடத்துக்குள் சாப்பாடு கூடாது என்று ஐயா பார்வையாலேயே சொன்னார். வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். டிரெய்லரில் களியும் கீரைக் கடைசலும் பருப்புக் குழம்பும் கொண்டுவந்திருந்தார்கள். லூர்து மேரி எனக்குக் கட்டிக்கொடுத்த களியையும் அதில் சேர்த்தேன். காவேரி பரிமாறினாள். மாதப்பன் இலைக்கு வந்ததும் நின்றாள்.

"மாமாவுக்குக் கொழம்பு மட்டும் ஊத்தட்டுங்களா?"

மாதப்பனே சிரித்துவிட்டார். மீசை முழுக்கச் சிரிப்பு. அழுகிற மாதிரியும் இருந்தது.

ஐயாவையும் கூப்பிட்டார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் தயங்கி நின்றார். அப்புறம் வந்து மாதப்பனுக்கும் சென்னப்பாவுக்கும் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கும்பகோணத்து மனிதருக்குக் களியைப் பிட்டு விழுங்கத் தெரியவில்லை. மென்று மென்று பார்த்தார். தொண்டையில் சிக்கிக்கொண்டது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"யோவ் ஆரோக்கியம், தண்ணி கொண்டாய்யா!"

அந்த "யோவ்" காதில் விழுந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டுமா? "கல்லு கழுவற நாளு எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஐயா ஒரு நாளைக் குறித்துவிட்டார். மாதத்தில் ஒரு நாள், யார் வழக்கானாலும் அன்றைக்குத்தான். பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டு, "தொடாதீர்கள்" என்ற முதல் பலகையை மட்டும் விட்டுவைத்தார். வழக்கோடு வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்கள், தூரிகை பிடிப்பார்கள். பாதிப் பேர் கழுவி முடிப்பதற்குள் சமாதானமாகிவிடுவார்கள். தூசு தட்டி, வடிகட்டி, மேலிருந்து கீழே, ஒற்றி ஒற்றி என்று இவ்வளவு நேரம் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தால் கோபம் எவ்வளவு நேரம்தான் நிற்கும்? மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "பராமரிப்பு என்றால் இதுதான்" என்று பாராட்டிவிட்டுப் போனார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று அந்த அதிகாரி நினைத்திருப்பார். நான் சிரிப்பை அடக்க ஓடிப்போய்ச் சமையல்கட்டில் நின்றேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகக் கல் கழுவிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு வழக்கு ஒன்றும் வரவில்லை. நானே கழுவினேன். லூர்து மேரி மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து உள்ளங்கையைப் பரப்பி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்:

"இத்தன வருசமா என் களி எப்பிடி இருந்துச்சு? இப்பச் சொல்லுங்க."

நான் கையைக் கல்லிலிருந்து எடுத்து, துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அடப்பாவி மனுசா" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு அந்தக் கல்முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்புறம் தூக்கின் மூடியைத் திறந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்: "என்னைக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருந்தீங்களா?"

நான் கையைத் திரும்பக் கல்மேல் வைத்தேன். உள்ளங்கை முழுக்கப் படுகிற மாதிரி.

"இருந்தேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியாரிடம் இதைச் சொன்னேன். ஆணையிட்டாயா என்று கேட்டார். இல்லீங்க சாமி, கல் உதிருதான்னு பார்த்தேன் என்றேன்.